இடக்காதுச் சத்தம்

இக்கட்ட வந்து உக்காரு அம்மிணி. அந்த மூலையில காத்தே வராது. இந்த ஃபேனுக்கு நேரா உக்காந்தாக் குழந்தை சிணுங்காது. நான் நகந்துக்கறேன். பையை என் காலுக்கடியில தள்ளிரு, ஒருத்தரும் தொட மாட்டாங்க.

மொதத் தடவை வர்றியா? மொகத்தப் பாத்தாலே தெரியுது. எங்க காட்டு... அட சாமி, கண்ணுக்கு மேல செவப்பாத் தடிச்சல்ல இருக்குது. பொறக்கறப்ப இல்லியா? பொறந்து ரெண்டு வாரங்கழிச்சுப் பொட்டாட்ட வந்து அப்பறம் பெருசாச்சா? சரி சரி. எந்த ஊரு உனக்கு, அன்னூரா? தனியாவா பஸ்ல வந்தே? ஊட்டுக்காரரு லீவு போட முடியாதுன்னுட்டாராக்கும். அவங்கவங்களுக்கு அவங்கவங்க சோலி.

கிரகணத்துல வெளிய போனியான்னு கேட்டிருப்பாங்களே உங்க மாமியாரு? கேக்காம இருப்பாங்களா. எங்கம்மா என்னைய வயித்துல வெச்சுட்டுச் செவ்வரளிப் பூப் பறிச்சாளாமா, அதனால என் காதுல செவப்பு வந்துருச்சுன்னு அவ சாகற மட்டும் ஊரே சொல்லிக் காட்டுச்சு. அவளும் நம்பிக்கிட்டா. எங்கூட்டு வாசல்ல இருந்த அரளியை வேரோட புடுங்கிப் போட்டாளாமா. செடி என்ன பண்ணுச்சு, சொல்லு.

உள்ள என்ன பண்ணுவாங்கன்னுதானே பயப்படறே? ஒண்ணுமே இல்ல. ஊசி கெடையாது, கத்தி கெடையாது. பசையாட்ட ஒண்ணு தடவுவாங்க, சில்லுன்னு இருக்கும். சோப்புக் கட்டியளவுல ஒரு கருவி, அதைத் தோலு மேல வெச்சு மெல்ல நகத்துவாங்க. உள்ள ரத்தம் வேகமாப் போவுதா, மெதுவாப் போவுதா, எக்கட்ட இருந்து எக்கட்டப் போவுதுன்னு பொட்டியில தெரிஞ்சிரும். குழந்தை தூங்கிட்டிருந்தா எந்திரிக்கக்கூட மாட்டா. உள்ள இருக்கறது நஸ்ரீன் டாக்டரம்மா. சின்னப் பொண்ணுதான், ஆனா கை அத்தனை பதமான கை.

எனக்குத் துணைக்கா? எந்தம்பி வந்திருக்கறான். கீழ காரு நிறுத்தப் போயிருக்கறான். இந்த ஆஸ்பத்திரியில காரு நிறுத்த எடமே கெடைக்காது அம்மிணி, சுத்திச் சுத்தி வரோணும். வந்துருவான்.

அவன் பேரு நாச்சிமுத்து. நான் தூக்கி வளத்த பையன். எனக்குப் பேரு மயிலாத்தா. மூலனூருப் பக்கம், உள்ள தள்ளி ஒரு கிராமம். எங்கம்மா போறப்ப அவனுக்கு மீசைகூட மொளைக்கல. நாந்தான் சோறாக்கி, துணி தொவச்சு, காலேஜுக்கு அனுப்பி, பொண்ணுப் பாத்துக் கட்டி வெச்சேன். அக்கா இல்லாட்டி எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரின்னு அவனே ஊரெல்லாஞ் சொல்லுவான்.

எனக்குக் கண்ணாலமா? இல்ல. ஒரு எடத்துல இருந்து வந்தாங்க. எங்கம்மா என்னைய வலது பக்கந் தெரியற மாதிரித் திருப்பி உக்கார வெச்சா. அவங்களுக்கும் புடிச்சுப் போச்சு. அந்நேரம் பாத்து ஒரு காத்து அடிச்சு, காதை மறச்சிருந்த முந்தானை வெலகிருச்சு. என்னமோ அவசரச் சோலின்னு காப்பியைக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. என்ன அவசரமோ. அப்பறம் ஒருத்தரும் வரல. தம்பி சின்னப் பையன், நான் போயிருந்தா அவனுக்கு ஆரு சோறு போடறது? எல்லாம் நல்லதுக்குத்தான்னு விட்டாச்சு.

இந்தா பாரு. பயப்படாம பாரு, இப்ப எவ்வளவோ சுருங்கிப் போச்சு. இந்தக் காது பூரா, அப்படியே கீழ கன்னம் வரைக்கும் செக்கச்செவேல்னு இருக்கும். காது மட்டும் தடிச்சு, தொட்டாச் சுடும். பொறந்தப்ப வெறும் ரோஸு நெறந்தான். காது குத்தறப்ப எங்க மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்தியிருக்கறாங்க, ரத்தம் பீச்சியடிச்சு மாமன் வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சாமா. அதோட இந்தக் காதை விட்டுட்டாங்க. ஒத்தத் தோடுதான் போட்டுட்டிருக்கறேன்.

நான் பெரிய மனுசியான வருசந்தான் அது தடிக்க ஆரம்பிச்சுது. சத்தமும் அப்பத்தான் வந்துச்சு.

என்ன சத்தமா? எப்படிச் சொல்றது உனக்கு. காதுக்குள்ள ஒண்ணு சொர்ர்... சொர்ர்னு அடிக்கும். நெஞ்சு அடிக்கற அடிக்குத் தக்க. வேகமா நடந்தா அதுவும் வேகமா அடிக்கும். குனிஞ்சு கூட்டறப்ப எச்சா அடிக்கும். படுத்தம்னா, எல்லாம் அடங்குன பொறவு, அது மட்டும் ஓடிட்டே இருக்கும், வாய்க்கால்ல தண்ணி போற மாதிரி. அம்மாகிட்டச் சொன்னேன். வயசுக்கு வந்தா அப்படித்தான் இருக்கும்னா. சரி, எல்லாத்துக்கும் இப்படித்தானாக்கும்னு நான் வெகுநாளு நெனச்சுட்டிருந்தேன். ஒரு நாளு என் வயசுச் செட்டுப் பொண்ணுங்ககிட்ட, உங்களுக்கு எந்தக் காதுல கேக்குதுன்னு கேட்டேன். சிரிச்சாளுங்க. அதுக்கப்பறம் எனக்கு ஒரு பட்டப்பேரு வெச்சாங்க, அதை விடு.

ரெண்டு மூணு டாக்டருகிட்டயும் போனேன். காதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாப்பாங்க, சொட்டு மருந்து குடுப்பாங்க. காதுக்குள்ள ஒண்ணுமில்லம்மா, மனசுலதான்னு ஒருத்தர் சொன்னாரு. சரீன்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணு அம்மிணி, அது இருந்ததால எனக்கு ஒரு நாளும் தனியா இருக்கறோம்னு இருந்ததில்ல. நான் பாட்டுக்குப் படுத்திருப்பேன், அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். அந்தக் காதுல வேற எதுவும் சரியா விழுகாது, அவ்வளவுதான். கூப்பிட்டாங்கன்னா ரெண்டாவது கூப்பாட்டுக்குத்தான் திரும்புவேன்.

போன தையில எந்தம்பி மவ தாரணிக்குக் கண்ணாலம். காங்கேயத்துல பெரிய மண்டபம். எள்ளுப் போட்டா எண்ணெயாகும், அத்தனை கூட்டம். சீர்ப் பண்டம், பித்தளைச் சாமான், தேங்கா, பழம் எல்லாம் பின்னாடி ஒரு ரூமுல போட்டிருந்தாங்க. அந்த ரூமுக்கு என்னையத்தான் காவல் போட்டாங்க. நாச்சிமுத்து சம்சாரம் சாவித்திரி சொன்னா, அக்கா, உங்களைத் தவிர வேற ஆரையும் நம்ப முடியாது, நீங்க உள்ளயே இருந்துக்கங்க, சோறு நானே குடுத்துடுறேன்னு. பாத்தியா, அத்தனை ஒறம்பரைச் சனம் இருந்தும் என்னையத்தான் நம்பினா. கதவைச் சாத்திட்டுத்தான் இருந்தேன். மேளச் சத்தத்தை வெச்சே, இப்பப் பொண்ணு மேடைக்கு வருது, இப்பத் தாலி கட்டுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். போட்டோவுல நான் இல்ல. ஆல்பம் வந்தப்பப் பாத்தேன், எல்லாரும் லச்சணமா இருந்தாங்க.

கெட்டி மேளம் அடிச்சுதா, நான் உள்ள இருந்தே அட்சதை போட்டறலாம்னு எந்திரிச்சேன். மேல பலகையில பித்தளைத் தவலை அடுக்கியிருந்தாங்க. தலை நிமுந்தப்ப அதோட விளிம்பு காதுல சீவிருச்சு. அடேயப்பா... பீச்சியடிக்குது அம்மிணி. செவுத்துல, தேங்கா மேல, தாம்பாளத்துல எல்லாம். முந்தானையைச் சுருட்டி வெச்சு அமுக்கறேன், விரலுக்கு நடுவுல வருது. கூப்பிட்டிருக்கலாம்தான். நல்ல நேரத்துல எப்படிக் கூப்பிடறது? மேளம் முடியட்டும்னு அப்படியே உக்காந்துட்டேன். 

அந்நேரத்துக்கா மாப்ளையோட அம்மா தாம்பாளந் தேடிட்டுக் கதவைத் தொறக்கோணும்? பாவம், அந்தம்மா போட்ட சத்தத்துல மேளமே நின்னு போச்சு.

அதுக்கு மேல கேக்காத. அடிச்சுப் புடிச்சுப் பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயித் தையல் போட்டாங்க. அங்க இருந்த டாக்டரு, இது கட்டிதானுங்க, வெட்டி எடுத்துப் போட்டாத் தீந்துச்சுன்னாரு. அடுத்த வாரம் வரச் சொல்லி நாளுங் குறிச்சுக் குடுத்தாரு. எனக்கும் சரீன்னுதான் பட்டுது.

அதுக்குள்ள மாப்ள ஊட்டுல இருந்து சேதி வந்துருச்சு. பொண்ணுக்கு இப்படி ஒரு அத்தை இருக்கறதையே எங்களுக்கு ஏன் சொல்லல, இது பரம்பரை நோவா, நாளைக்கு எங்க பேரம் பேத்திக்கும் வருமா, தெரியற வரைக்கும் பொண்ணு அங்கயே இருக்கட்டும்னு. கண்ணாலம் முடிஞ்சு மறுவூட்டுக்கு வந்த புள்ள அம்மிணி. மஞ்சக் கயிறு காயல. திரும்பக் கூட்டிட்டுப் போக ஆளு வரல. தாரணி மேல் ரூமுலயே கெடந்தா. நான் சோறு கொண்டு போயி வெச்சா, வெச்சுட்டுப் போங்க அத்தைன்னு செவுத்தப் பாத்துச் சொல்லுவா. எனக்கு வெசனம் தாங்கல.

நாச்சிமுத்து என்ன பண்ணினான் தெரியுமா? வெட்டறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல கோயமுத்தூருக்குப் போயிப் பெரிய டாக்டருகிட்டக் காட்டலாம், வா அக்கான்னான். இத்தனை வருசத்துல அப்படி ஒரு வார்த்தை அவன் வாயில வந்ததில்ல. சோலி அப்படி அவனுக்கு. காருல முன் சீட்டுல உக்கார வெச்சு, ஏசியெல்லாம் போட்டுக் கூட்டிட்டு வந்தான். பல்லடத்துல நிறுத்தி எளநி வாங்கிக் குடுத்தான். வழி நெடுக ஒரு வார்த்தை பேசல, மனசு அத்தனை வெசனத்துல இருந்துருக்குது.

இதே எடத்துலதான் உக்காந்திருந்தோம். அப்பறம் உள்ள கூப்பிட்டாங்க.

நஸ்ரீன் டாக்டரம்மா மொதல்ல எல்லாங் கேட்டாங்க. எப்ப இருந்து இருக்குது, எப்ப வளந்துச்சு, சுடுதா, துடிக்குதான்னு. அப்பறம் ரெண்டு விரலை எடுத்து என் காது மேல வெச்சாங்க. உறை கிறை ஒண்ணும் போடல, வெறுங் கை. நான் பின்னால வாங்கிட்டேன். வலிக்குதுங்களாம்மான்னாங்க. இல்லீங்கன்னேன். வலிக்கல அம்மிணி. அந்தக் காதை ஆரும் தொட்டதில்ல, அதான்.

கண்ண மூடிட்டு விரலை வெச்சுட்டே இருந்தாங்க. உள்ள அதிருதுங்கம்மா, உங்களுக்குக் கேக்குமேன்னாங்க.

எனக்கு ஒரு நிமிசம் புரியல. என்னதுங்க கேக்கும்னேன்.

சத்தம். நெஞ்சு அடிக்கற மாதிரியே காதுக்குள்ள ஒரு எரைச்சல் கேக்கோணுமேங்கம்மா, இல்லீங்களா?

ஆமான்னு தலையை ஆட்டுனேன். நாச்சிமுத்து பக்கத்துல நின்னுட்டு, அக்கா அப்படியெல்லாம் ஒண்ணுஞ் சொன்னதில்லீங்களேன்னான். சின்னதுல இருந்து அவன்கிட்டச் சொல்லியிருக்கறேன், மறந்துட்டான்.

அப்பறம் படுக்க வெச்சுப் பசையைத் தடவி, அந்தக் கருவியை வெச்சாங்க. பொட்டியில செவப்பும் நீலமுமாக் கலந்து கொப்புளிக்குது. என்னமோ ஒரு பொத்தானைத் தட்டுனாங்க பாரு...

சொர்ர்... சொர்ர்... சொர்ர்...

ரூமு பூராக் கேக்குது. அதே சத்தம். என் சத்தம். எனக்குள்ள மட்டும் ஓடிட்டிருந்தது, செவுத்துல பட்டு எல்லாத்துக்குங் கேக்குது. டாக்டரம்மா கேக்கறாங்க, அந்த நர்ஸுப் பொண்ணு கேக்குது, நாச்சிமுத்து கேக்கறான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்து, மல்லாக்கப் படுத்திருந்தனா, நேரா இந்தக் காதுக்கே வழியுது. டாக்டரம்மா அதையும் பஞ்சுல ஒத்தி எடுத்தாங்க. இன்னுஞ் சித்த நேரம் வெச்சிருங்க சாமின்னேன். எதுக்குன்னு கேக்கல அந்தம்மா. வெச்சிருந்தாங்க.

அப்பறம் எடுத்துச் சொன்னாங்க. நல்ல ரத்தங் கொண்டு வர்ற குழாய்க்கும், திருப்பி எடுத்துட்டுப் போற குழாய்க்கும் நடுவுல மயிராட்ட மெல்லிசான குழாய்ங்க வலை மாதிரி இருக்குமாமா. ரத்தம் அதுல பூந்து நெதானமாப் போவோணும். எனக்கு அந்த எடத்துல அந்த வலையே உருவாகலியாமா. நேரா இதுல இருந்து அதுக்குள்ள பாயுது. மடையே வெக்காம வாய்க்காத் தண்ணியை வயலுக்குள்ள விட்ட மாதிரிங்களான்னு கேட்டேன். அதேதான், அந்தப் பாய்ச்சலோட சத்தந்தான் உங்களுக்குக் கேக்கறதுன்னாங்க. அப்பறம் ஒரு படமும் எடுத்தாங்க, பெரிய குழாய்க்குள்ள படுக்க வெச்சு, டமடமன்னு. அதுலயும் தோலைக்கூடத் தொடல.

இதைக் கட்டின்னு நெனச்சு வெட்டறதா இருந்தீங்களான்னு கேட்டப்ப அந்தம்மா மொகம் மாறிப் போச்சு. கத்தி வெச்சிருந்தா ரத்தத்தை நிறுத்தறது நெம்பக் கஷ்டம், உசுருக்கே ஆபத்தாயிருக்கும்னாங்க. நாச்சிமுத்து குறுக்கால, டாக்டர், இது பரம்பரையா வர்றதான்னு கேட்டான். அவன் கவலை அவனுக்கு. இவங்களுக்கு இருக்கறது வயித்துல உருவாகறப்பவே தானா வந்தது, பரம்பரையா வர்ற வகை மாதிரித் தெரியல, உங்க பொண்ணு இதை நெனச்சுப் பயப்பட வேண்டியதில்லன்னாங்க. அதை எழுத்துல குடுங்கன்னான். குடுத்தாங்க.

நான் முந்தானையைச் சரி பண்ணிட்டு வெளிய வந்தா அவனைக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பான்னு இங்கயே உக்காந்துட்டேன். கூட்டமெல்லாங் கலைஞ்சிருச்சு. டாக்டரம்மா சாப்பிடப் போறவங்க என்னையப் பாத்துட்டு, ஏம்மா இன்னும் இருக்கறீங்க, கூட வந்தவரு எங்கன்னாங்க. அப்பத்தான் போனு வந்துச்சு. அக்கா, நான் பல்லடந் தாண்டிட்டேன், நேரா மாப்ள ஊட்டுக்குப் போறேன், நீ பஸ் ஏறி வந்துருன்னான். சரி சாமின்னேன். புள்ளையோட வாழ்க்கை, அவனுக்குக் கையும் ஓடியிருக்காது காலும் ஓடியிருக்காது. அக்கா எப்படியும் வந்துருவான்னு ஒரு நம்பிக்கை.

அன்னைக்குப் பொழுதோட தாரணியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் ஊடு போய்ச் சேந்தப்ப மேல் ரூமு காலியா இருந்துச்சு. போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போவ நான் இல்லியே அப்ப.

அதுக்கப்பறம் வைத்தியத்துக்கு நானே வந்து போயிட்டிருந்தேன். வெட்டல கிட்டல. தொடைக்கிட்ட ஒரு சின்ன ஓட்டை, அதுவழியா நூலாட்ட ஒரு குழாயை விட்டு, காதுக்கிட்டக் கொண்டு போயி, உள்ளயே மருந்து வெச்சு அடைக்கறது. ஒரே தடவையில முடியல, விட்டு விட்டுப் பண்ணாங்க. கூட ஆரு இருப்பாங்கன்னு கேட்டாங்க. தம்பி இருக்கறானுங்கன்னேன். மொதத் தடவை தாரணி வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனா. அத்தை, அவரு கீழ நிக்கறாரு, நேரமாச்சுன்னா. புதுச் சேலை கட்டியிருந்தா. நல்லா இருந்துச்சு அவளுக்கு.

கடைசியாப் பண்ணி முடிச்சுக் கண்ணு முழிச்சேன். கரண்டு போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன் அம்மிணி. அத்தனை அமைதி. மேல பாத்தா ஃபேன் சுத்துது.

சத்தம் நின்னு போச்சு.

எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. டாக்டரம்மா கையைப் புடிச்சுக் குலுக்குனாங்க. நானும் சந்தோசமாத்தான் இருந்தேன், இல்லீன்னு சொல்லல. ரத்தம் வராது, உசுருக்கு ஆபத்தில்ல. ஆனா ஊட்டுக்குப் போயிப் படுத்தனா... என்னமோ பக்கத்துல படுத்திருந்தவங்க எந்திரிச்சுப் போயிட்ட மாதிரி. வலது பக்கம் படுப்பேன், இடது பக்கம் படுப்பேன், தலகாணியில காதை அமுக்கிப் பாப்பேன். ஒண்ணுமே இல்ல. அப்பறம் டாக்டரம்மா ஒரு தடவை, இது திரும்ப வரவும் வாய்ப்பிருக்குதுங்கம்மா, விட்டு விட்டு வந்து பாத்துக்கோணும்னாங்க. மத்தவங்க அதைக் கேட்டா அழுவாங்களாமா. நான் சரீங்கன்னு சிரிச்சேன். டாக்டரம்மா ஒரு மாதிரியாப் பாத்தாங்க.

இன்னொண்ணும் ஆச்சு. அந்தக் காதுல அந்த எரைச்சல் போனதும் மத்ததெல்லாங் கேக்க ஆரம்பிச்சிருச்சு. என் ரூமு பின்னால இருக்குது. முன் ஆசாரத்துல உக்காந்து பேசறது எனக்கு வந்ததே இல்ல. இப்பக் கேக்குது. குக்கரு விசிலு கேக்குது, டிவி கேக்குது, சாவித்திரி பேசறதும் கேக்குது.

தாரணி முழுகாம இருக்கறா அம்மிணி. ஏழாம் மாசம். வளைகாப்பு வெக்கறதப் பத்தித்தான் பேசிட்டிருந்தாங்க. நான் படுத்திருக்கறேன். சாவித்திரி சொல்றா, அன்னைக்கு அக்காளுக்கு ஆஸ்பத்திரியில வரச் சொன்னாங்கன்னு சொல்லி அனுப்பிச்சிருங்க, கண்ணாலத்துல பட்டதே போதும்னு. நாச்சிமுத்து, டாக்டருதான் ஒண்ணும் இல்லீன்னு எழுதிக் குடுத்துட்டாங்களேன்னான். பேப்பரு சரிதானுங்க, மாப்ள ஊட்டுக்காரங்க கண்ணு ஒப்போணுமில்லன்னா இவ.

நான் இந்தக் காதைத் தூக்கி வெச்சுட்டுக் கேட்டுட்டே இருந்தேன். என்னமோ சொல்லப் போறான்னு...

சரீன்னான்.

மக்கா நாளு விடிஞ்சதும் வந்து என் ரூமு நெலவுப் படியிலயே நின்னான். அக்கா, வெள்ளிக்கிழமை உன்னைய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி டாக்டரு போனு பண்ணாங்கன்னான். என்னைய நேராப் பாக்கல. சின்ன வயசுலயும் பொய் சொன்னா அவன் தரையைத்தான் பாப்பான். எனக்கு அய்யோன்னு ஆயிருச்சு. அவன் இன்னொரு தடவை சொல்ற மாதிரி ஆயிரக்கூடாதுன்னு, ஆமாஞ் சாமி, எனக்குந் தெரியும், நானே பஸ்ஸுல போயிட்டு வந்தர்றேன்னேன். அவனுக்கு மூச்சு வந்துச்சு.

என்ன பாக்கறே? கார் நிறுத்தப் போனவன் என்ன ஆனான்னா? அட, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது அம்மிணி. புதுசாப் பாக்கறவங்க கேட்டா அப்படித்தான் சொல்றது. இன்னைக்குத்தான் வெள்ளிக்கிழமை. இந்நேரம் வளையலு போட்டிருப்பாங்க.

என்னங்க சிஸ்டர்? ஆமாங்க சிஸ்டர், எனக்கு அடுத்த மாசந்தான்னு தெரியுமுங்க. இல்லீங்க, காது நல்லா இருக்குதுங்க. சும்மா இப்படி வந்தேனுங்க. இங்கயே உக்காந்துக்கட்டுமுங்களா? ஆருக்கும் எடைஞ்சலா இருக்க மாட்டேனுங்க. சரீங்க சிஸ்டர்.

நல்ல பொண்ணு. போவச் சொல்ல மாட்டா.

இரு, போனு அடிக்குது... ஆமாஞ் சாமி, சொல்லு. இன்னும் கூப்பிடல, நெம்பக் கூட்டம். அங்க எல்லாரும் வந்தாச்சா? தாரணி சாப்பிட்டாளா? அவளை நெம்ப நேரம் உக்கார வெக்காதீங்க, கால் வீங்கிப் போவும். நானா? நான் கடைசி பஸ்ஸுக்கே வாரேன், நான் வெரசலா வந்துருவேன்னு நீ பயப்படாத... இல்ல, அப்படி இல்ல சாமி, நான் என்ன சொன்னேன், நீ மெரண்டுக்காத இருன்னுதான் சொன்னேன். தனியா இல்ல. இங்க பக்கத்துல ஒரு அம்மிணி இருக்குது, குழந்தையோட. பேசிட்டிருக்கறோம். சரி, வெய்யி. ஒறம்பரையைப் பாரு.

வெச்சுட்டான். அவன் அழுவுறானாட்ட இருந்துச்சு. இல்ல, சத்தத்துல எனக்கு அப்படிக் கேட்டுச்சோ என்னமோ. இந்தக் காதுல வெச்சுக் கேட்டுப் பழக்கமில்ல பாரு.

நீ எதுக்கு இப்பக் கண்ணத் தொடைக்கறே? என்னைய ஆரும் அடிக்கல, புடிக்கல. சோத்துக்குக் கொறை இல்ல. ஒரு ரூமு இருக்குது. புள்ளதாச்சிப் பொண்ணு நல்லா இருக்கோணும், அதுக்குத்தான் பண்றாங்க. நான் உன்கிட்டக் குத்தஞ் சொல்லலியே? சொன்னனா? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான், அதைக் கேக்காமயே இருந்திருக்கலாம். பழைய காதா இருந்திருந்தா, டாக்டரம்மாதான் வரச் சொன்னாங்கன்னு நெசமாவே நம்பி, சந்தோசமா வந்திருப்பேன்.

குழந்தை முழிச்சுட்டா பாரு. என்னைய என்னமா உத்துப் பாக்கறா. காதைப் புடிக்க வர்றா பாரு, ஏய், அது சூடு, அது... இல்ல, இப்பச் சூடில்ல. புடிச்சுக்க. புடிச்சுக்க சாமி.

அங்க கூப்பிடறாங்க. பேபி ஆஃப் சுபத்ரான்னு. நீதானா சுபத்ரா? இத்தனை நேரம் பேசிட்டு உன் பேரைக்கூடக் கேக்கல பாரு நான். போ, எந்திரி. ஏன் அப்படியே நின்னுட்டே? அதான் சொன்னனில்ல, பசை மட்டுந்தான்.

நானா? நான் உள்ள வரோணுமா?

வர்றதுக்கென்ன, வாரேன். பையை நான் எடுத்துக்கறேன். குழந்தையைக் குடு, நீ முந்தானையைச் சரி பண்ணிக்க. சிஸ்டர், இருங்க, வந்துட்டோமுங்க.

என்னங்க? கூட ஒருத்தருதான் வரலாமா? நான் உனக்கு என்ன வேணும்னு கேக்கறாங்க அம்மிணி. நானாச் சொன்னா நல்லா இருக்காது. நீயே சொல்லு.